பயப்படும் உரிமை

1

பயத்தைப் பற்றிப் பேச நமக்குக் கூச்சமாக இருக்கிறது. வீரவணக்கம் பேசுகிறோம், எழுச்சி பேசுகிறோம், திருப்பி அடிப்பதைப் பேசுகிறோம். கூட்டம் முடிந்து, கடைசி பஸ்ஸைப் பிடித்து, விலக்கில் இறங்கி, ஊர்த்தெருவைத் தாண்டிக் காலனிக்குப் போகிற அந்த அரை மைலில் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் யாரும் மேடையில் சொல்வதில்லை. சொன்னால் தோழர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயம். பயத்தைச் சொல்லவே பயம். இந்த இரண்டாவது பயம்தான் நம்மை அதிகமாகக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன்.

தொல்காப்பியம் இதற்குக் கூச்சப்படவில்லை. மெய்ப்பாடுகள் எட்டு என்று எண்ணி, அச்சத்தையும் அதில் ஒன்றாக வைத்தது. அச்சம் பிறக்கிற இடம் எதெது என்று கேட்டு நான்கைச் சொன்னது: தெய்வமும் பேயும், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளுகிறவர். திருடனுக்கு அடுத்த இடத்தில் ஆளுகிறவனை நிற்க வைத்த இலக்கணம் அது. வள்ளுவரும் அஞ்சத்தக்கதைக் கண்டு அஞ்சுவதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடவில்லை. அறிவுடைமை அதிகாரத்தில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்.

ஆனால் நடைமுறையில் பயத்தைச் சொத்துப் பிரிப்பது போலப் பிரித்துவிட்டார்கள். பெண்ணுக்கு அச்சம் ஒரு நற்குணம். ஆண்ட சாதி என்று சொல்லிக்கொள்கிற ஆம்பளைக்கு அச்சம் அவமானம். அவன் முதுகில் புண் இருக்கிறதா என்று பெற்ற தாயே பார்ப்பாள். நமக்கு அச்சம் கடமை. துண்டை இடுப்பில் கட்டு, செருப்பைக் கையில் எடு, சைக்கிளை விட்டு இறங்கு. 'பயபக்தியா நடந்துக்கிடணும்' என்று நம்மிடம் மட்டும்தான் சொல்வார்கள். நம் பையன் ஒருவன் புதுச் சட்டை போட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், 'இவனுகளுக்குக் குளிர் விட்டுப் போச்சு' என்பார்கள். எங்கள் பயம் அவர்கள் வரவு வைத்திருந்த சொத்து. அது குறைந்தால் தங்கள் வீட்டில் களவு போனதுபோல் பதறுகிறார்கள்.

ஆகவே தொண்ணூறுகளில் நம் இளைஞர்கள் 'அடங்க மறு' என்று எழுந்தபோது, முதலில் உதறியது இந்தக் கடமைப் பயத்தைத்தான். அது நடந்திருக்காவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதவும் ஆள் இருந்திருக்காது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதோடு சேர்த்து இன்னொன்றும் நடந்தது. கட்டளைக்குப் பயப்படுவதும், உயிருக்கு வருகிற ஆபத்தைத் தெரிந்துகொள்வதும் வேறுவேறு என்பது மறந்துபோயிற்று. இரண்டுக்கும் நாம் 'பயம்' என்ற ஒரே பெயரை வைத்திருக்கிறோம். முன்னதை உதறப்போய், பின்னதையும் வெளியே சொல்லக் கூடாத சரக்காக மடியில் முடிந்துகொண்டோம்.

2

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே கரிசல் காட்டில் இருக்கிறது ஆனைக்குட்டம். அர்ச்சுனா நதியை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கத்தால் வெளியே பெயர் தெரிந்த ஊர். விருதுநகர்க்காரர்கள் இந்த அணைத் தண்ணீரைக் குடித்திருக்கிறார்கள். ஆனாலும் இது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருஷங்கள்தான் கணக்கில் கூட. காய்ந்த காற்று விவசாயத்துக்குப் பகை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அதுவே உறவு. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள். அதிலிருந்து வளர்ந்த தொழிலின் வேன்கள்தான் இன்றைக்கும் விடிகாலையில் இந்தச் சுற்றுவட்டாரக் காலனிகளின் முக்கில் வந்து நிற்கின்றன.

பட்டாசு ஆலையை வெளியிலிருந்து பார்த்தால் தொழிற்சாலை மாதிரியே இருக்காது. பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். ஒன்று வெடித்தால் அடுத்தது பிடிக்கக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. மருந்து செலுத்துகிற அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு. இரும்புச் சாமான் ஆகாது. நைலான் சேலை ஆகாது, நூல் சேலைதான். உடம்பில் ஏறிய மின்சாரம் மண்ணுக்கு இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். ராத்திரி மிச்சம் வைக்கக் கூடாது.

இந்த விதிகளை ஒரு தரம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் பயத்தை எழுதி வைத்ததுதான். எங்கோ ஒரு அறையில் அஞ்சாவது ஆள் இருந்திருக்கிறார். எங்கோ ஒரு இரும்புக் கரண்டி உரசியிருக்கிறது. எங்கோ மீந்த மருந்து ராத்திரி முழுக்கப் புழுங்கி, காலையில் கை வைத்தவரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. செத்தவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட பயம்தான் பாதுகாப்பு விதி என்ற பெயரில் சுவரில் தொங்குகிறது. அரசாங்கம் பயந்தால் அதற்குப் பெயர் விதி. முதலாளி பயந்தால் அதற்குப் பெயர் இன்சூரன்ஸ். தொழிலாளி பயந்தால் மட்டும் 'வேலைக்கு லாயக்கில்லை'.

அந்த அறையில் பல வருஷம் உட்கார்ந்த பெண்ணுக்கு எந்த ஆய்வாளருக்கும் தெரியாத சங்கதிகள் தெரியும். அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். மணிமருந்து காய்கிற களத்தில் வெயில் உச்சிக்கு வரும்போது ஆள் நடமாட்டம் ஆகாது. சித்திரை வைகாசியில் ஒரு மாதிரி, ஐப்பசி ஈரத்தில் ஒரு மாதிரி. இதெல்லாம் புத்தகத்தில் படித்ததல்ல. கை சொல்லும், மூக்கு சொல்லும், அடிவயிறு சொல்லும். இந்த அறிவு முதலில் பயமாகத்தான் உடம்பில் தெரியும்.

அதை அவள் வாய்விட்டுச் சொன்னால் என்ன நடக்கும்? இந்தப் பக்கத்தில் பல வாயில் பல விதமாகக் கேட்ட பேச்சு இது:

'அண்ணாச்சி, நேத்து மீந்த மருந்து கொதகொதன்னு இருக்கு. தொடப் பயமா இருக்கு.'

'பயமா இருந்தா வீட்ல இருந்து பிள்ளையப் பாரு தாயி. தீவாளி நெருங்குது, ஆர்டர் நிக்குது. ஆளா கெடைக்காது?'

அவ்வளவுதான் உரையாடல். அவள் மேலே பேச முடியாது. வாங்கின அட்வான்ஸ் இருக்கிறது. கூலி குரோஸ் கணக்கில். கை நின்றால் காசு நிற்கும். ஆகவே அவள் மருந்தைத் தொடுவாள். பக்கத்தில் இருக்கிற சின்னப் பெண்ணிடம், 'ஒண்ணும் ஆகாதுடி, மாரியாத்தா இருக்கா' என்பாள். தைரியம் என்று நாம் புகழ்கிற பொருள் பல நேரம் இப்படித்தான் உற்பத்தியாகிறது: அறிவை விழுங்கிவிட்டுக் கையை நீட்டுவது.

3

1991 ஜூலையில் மீனம்பட்டியில் 39 பேர் செத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அதை எடுத்து விசாரித்தது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: 38 பேர். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம்: இருபதுக்கும் மேல். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம்: பத்துக்கும் மேல். 2024 பிப்ரவரியில் வெம்பக்கோட்டைப் பக்கம், மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. ஒருவர் இருவராகச் செத்தவர்கள் இந்த வரிசையில் வரவே மாட்டார்கள்.

அச்சங்குளம். அந்த ஊருக்கு அப்படிப் பெயர் வைத்தவர்கள் எதை நினைத்து வைத்தார்களோ தெரியாது. 'அச்சம்' என்று தொடங்கும் ஊரில் அச்சப்படுவதற்கு அனுமதியில்லாமல் செத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் பத்திரிகையில் ஒரே சொல் வரும்: உராய்வு. வழக்குப் பதிவில் இன்னொரு சொல் வரும்: கவனக்குறைவு. உராய்வு நடந்திருக்கலாம். எதற்கும் எதற்கும் உராய்வு? அவசரத்துக்கும் அறிவுக்கும் நடந்த உராய்வு என்று எந்த அறிக்கையிலாவது எழுதுவார்களா? கவனக்குறைவு என்கிறார்கள். கவனம் என்பதே பயத்தின் ஒரு வடிவம்தானே. பயப்படாதே என்று சொல்லி வேலை வாங்கிவிட்டு, செத்த பிறகு ஏன் கவனமாக இல்லை என்று கேட்பது என்ன நியாயம்?

'தெரிஞ்சேதானே போறாங்க, வேற வேலைக்குப் போக வேண்டியதுதானே' என்று நகரத்து நண்பர்கள் கேட்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது. மருந்துப் பயத்துக்கு முந்தின பயம் ஒன்று இருக்கிறது. சம்சாரி வீட்டுக் களத்தில் கைகட்டி நின்ற பயம். கூலி எப்போது, எவ்வளவு என்று கேட்கப் பயம். புஞ்சைக்காட்டில் தனியாகக் களை எடுக்கிற பெண்ணுக்கு இருந்த பயத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஆலை வேன் வந்தபோது அது சனிக்கிழமை கையில் காசு கொடுத்தது. ஊர்க்காரன் வீட்டு வாசலில் குனிந்து நிற்க வேண்டாம். மருந்து சாதி பார்க்காது. தொட்டால் தீட்டு என்று சொல்லாது. எந்த ஆபத்து மானத்தோடு இருக்கிறது என்று பார்த்து எங்கள் பெண்கள் தேர்ந்துகொண்டார்கள். அதை அறியாமை என்று சொல்கிறவருக்குச் சாதியைத் தெரியவில்லை என்று அர்த்தம்.

அதற்கு மேல் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்தது. 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. அந்த நவம்பரிலிருந்து மாதக்கணக்கில் ஆலைகள் பூட்டிக் கிடந்தன. டெல்லியில் மூச்சு முட்டுகிற குழந்தைக்கு இருக்கிற பயமும் நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு வக்கீல் இருந்தார், தீர்ப்பு இருந்தது. ஆலை திறக்குமா திறக்காதா, குழுக்கடனுக்கு இந்த வாரம் என்ன பதில் சொல்வது என்று கிடந்த பயத்துக்கு முதலாளிகள்தான் வக்கீலாக வந்தார்கள். நம் பயத்தை நாமே சொல்லாவிட்டால், அதை வேறொருவர் தன் கோரிக்கையாக மாற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார். திறக்க வேண்டும் என்பது கேட்டது. எப்படித் திறக்க வேண்டும் என்பது அந்தச் சத்தத்தில் அமுங்கிவிட்டது.

4

யாருடைய பயம் நியாயமான பயம்? இதுதான் அடிப்படைக் கேள்வி. சட்டமே இந்தக் கேள்வியின் மீதுதான் நிற்கிறது.

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கில் செத்த பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயகரமான தொழில்களில் வேலை செய்கிறவர்களுக்கு உயிராபத்து நெருங்குகிறது என்ற நியாயமான அச்சம் இருந்தால், அதை நிர்வாகத்துக்குச் சொல்லும் உரிமை உண்டு என்று 41-எச் என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கவனியுங்கள், அச்சம் ஒரு உரிமையாகச் சட்டத்தில் ஏறியிருக்கிறது. ஆனால் அந்த அச்சம் நியாயமானதுதானா என்று முதலில் முடிவு செய்கிறவர் நிர்வாகி. அவருக்குத் திருப்தி இல்லையென்றால் ஆய்வாளருக்கு அனுப்புவார். ஆய்வாளர் சொல்வதே இறுதி. அவர் வந்து முடிவு சொல்லும் வரைக்கும் அந்த அறையில் யார் உட்கார்ந்திருப்பது? சட்டம் அதைச் சொல்லவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1981இல் செய்த 155ஆம் உடன்படிக்கை ஒரு படி மேலே போயிற்று: ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையை விட்டு விலகி நிற்கிற தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது என்றது. அங்கே விலகும் உரிமை. இங்கே சொல்லும் உரிமை மட்டும்.

2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் நியாயமான அச்சம் என்ற பேச்சு இருக்கிறது. முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் சொல்லலாம். ஆனால் ஆய்வாளரின் பெயரோடு 'வசதி செய்து தருபவர்' என்ற பட்டமும் சேர்ந்திருக்கிறது. யாருக்கு வசதி என்று போகப் போகத் தெரியும்.

சாதி விஷயத்திலும் இதே தராசுதான். 2018 மார்ச் 20இல் உச்ச நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. காரணம்? சட்டம் தவறாகப் பயன்படும் என்ற பயம். பொய் வழக்கு வந்துவிடுமோ என்று பயந்தவர்களின் பயம் உடனடியாகத் தீர்ப்பாயிற்று. வழக்கே கொடுக்க முடியாமல் பயந்து கிடந்தவர்களின் பயம் ஏப்ரல் 2 அன்று நாடு முழுவதும் தெருவுக்கு வந்து, உயிர்களைப் பலி கொடுத்த பிறகுதான் ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை மீட்டது. அவர்கள் பயந்தால் எச்சரிக்கை, நாம் பயந்தால் தாழ்வு மனப்பான்மை. இந்த அகராதியை வைத்துக்கொண்டு தன்னம்பிக்கை வகுப்பு நடத்தி என்ன பயன்?

5

பயத்தைச் சொல், சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அது பொய். மேலவளவு முருகேசன் தனக்கு ஆபத்து இருக்கிறது என்று சொன்னார், பாதுகாப்புக் கேட்டார். 1997 ஜூன் 30இல் ஓடுகிற பஸ்ஸை மறித்து அவரையும் உடன் வந்த ஐந்து பேரையும் வெட்டினார்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவன் தனக்கு நடக்கிற கொடுமையைப் பள்ளிக்கூடத்தில் சொன்னான். சொன்ன அன்றைக்கு ராத்திரியே வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். தனியாகச் சொன்ன பயம் எதிரிக்கு முகவரியாக ஆகிவிடுகிறது.

நம் விருதுநகர் மாவட்டத்திலேயே கொட்டக்கச்சியேந்தல் இருக்கிறது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகியவற்றோடு சேர்த்துப் பேசப்பட்ட ஊராட்சி. 1996இல் தலைவர் பதவியைத் தலித்துகளுக்கு ஒதுக்கினார்கள். பத்து வருஷமாக அந்த ஊர்களில் வேட்புமனு போட ஆளில்லை. போட்டு ஜெயித்தவர் கையோடு ராஜினாமா எழுதிக் கொடுத்தார். 2006 அக்டோபரில்தான் முறையான தேர்தல் நடந்தது. அந்தப் பத்து வருஷத்தை நம் ஆட்களின் கோழைத்தனம் என்று நம்மவர்களே எழுதினார்கள். அந்த ஊரில் ராத்திரி படுத்து எழுந்திருக்க வேண்டியவன் மேலவளவைப் பார்த்தபின் பயந்தான் என்றால், அவன் அறிவுள்ளவன். அவனுக்கு இல்லாமல் போனது வீரமா, துணையா? 2006இல் அவனுக்குத் திடீரென்று வீரம் முளைக்கவில்லை. மாவட்ட நிர்வாகம் இந்தத் தடவை கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கட்சிகளும் இயக்கங்களும் வந்து நின்றன. துணை வந்தது, அவன் கையெழுத்துப் போட்டான்.

அம்பேத்கர் தன் பயத்தை எழுதி வைத்தவர் என்பதை நாம் போதிய அளவு பேசவில்லை. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போனவருக்குத் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சிகளின் சத்திரத்தில் பார்சிப் பெயரோடு ஒளிந்து தங்கினார். பதினொன்றாம் நாள் தடிகளோடு ஒரு கும்பல் வந்து நின்றது. இரண்டு நண்பர்களை நினைத்தார், இரண்டு பேரும் கைவிட்டார்கள். ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்து, ராத்திரி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். பல வருஷம் கழித்து அதை எழுதும்போது, அன்றைக்கு எதிர்த்து நின்றேன் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. இருட்டையும் தனிமையையும் கண்ணீரையும் அப்படியே எழுதினார். அதே மனிதர்தான் 1927 மார்ச் 20இல் மகாடில் ஆயிரக்கணக்கானவர்களோடு சவதார் குளத்துக்கு நடந்தார். குளத்துக்குப் போன ஒவ்வொருவரிடமும் பயம் இருந்திருக்கும். பத்துப் பேராகப் போயிருந்தால் பாதி வழியில் திரும்பியிருப்பார்கள். ஆயிரக்கணக்கான பயம் ஒரே திசையில் நடந்தபோது அது வேறொன்றாகிவிட்டது.

இதற்குச் சிவகாசியிலேயே சாட்சி இருக்கிறது. 1899 ஜூன் 6இல் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு வந்து சிவகாசியில் நாடார்களின் வீடுகளைக் கொளுத்திக் கொள்ளையடித்தார்கள். கோவிலுக்குள் நுழைய உரிமை கேட்டதற்குக் கிடைத்த தண்டனை. அந்தச் சமூகம் தன் பயத்தை ஒளிக்கவில்லை. உறவின்முறை என்று கூடியது, மகமை வசூலித்தது, பள்ளிக்கூடம் கட்டியது. பயத்தை ஊர்ப் பொதுப்பணமாக மாற்றத் தெரிந்தவர்கள் அவர்கள். அதில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கூடவே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. தன் பயத்திலிருந்து வெளியே வந்தவன், தன் வாசலில் நிற்கிறவளின் பயத்தைக் காதில் வாங்காமல் போக முடியும். சிவகாசி இரண்டுக்கும் உதாரணம். நாளைக்கு நம் சங்கமும் அப்படி ஆகலாம். நம் ஆண்கள் நம் பெண்களின் பயத்தைச் சிரித்துத் தள்ளுகிற இடத்தில் ஏற்கெனவே ஆகித்தான் இருக்கிறது.

6

ஆகவே பயத்தை வெல்வது எப்படி என்று கேட்பதை நிறுத்துவோம். அந்தக் கேள்வி பயந்தவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. பயத்தை எத்தனை பேர் சேர்ந்து சுமக்கிறோம், யாரைப் பதில் சொல்ல வைக்கிறோம் என்று கேட்போம்.

ஒரு அறையில் நாலு பேர் என்று விதி சொல்கிறது. அந்த நாலு பேரில் ஒருத்தி 'மருந்து சரியில்லை' என்றால் மற்ற மூன்று பேரும் எழுந்து வெளியே நிற்கிற பழக்கம் வரட்டும். ஒருத்தியை நாளைக்கு வராதே என்று சொல்லலாம். தீபாவளி நெருக்கத்தில் நாற்பது அறையையும் வராதே என்று சொல்ல முடியாது. எந்தத் தேதியில், எந்த வேலையில், என்ன பயம் வந்தது, யாரிடம் சொன்னோம், அவர் என்ன சொன்னார் என்று காலனியில் படித்த பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். விபத்துக்குப் பிறகு கவனக்குறைவு என்று எழுதுகிற பேனாவுக்கு எதிராக அந்த நோட்டு நிற்கும். அச்சத்தைச் சொல்லும் உரிமை, விலகி நிற்கும் உரிமையாக வேண்டும். விலகிய நேரத்துக்குக் கூலி வெட்டக் கூடாது. சங்கங்கள் கூலி உயர்வுக்குக் கொடுக்கிற இடத்தை இதற்கும் கொடுக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் கதைகளில் அஞ்சாத நாயகர்கள் போதும். மருந்தைத் தொடத் தயங்கிய கையை எழுதுங்கள். வேட்புமனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் நடந்தவனை எழுதுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பையனிடம், 'என்னல பயம், ஆம்பளப் பயதானே' என்று கேட்காமல், 'யாருல? என்ன சொன்னான்?' என்று கேட்ட அம்மாவை எழுதுங்கள். அந்த இரண்டாவது கேள்வியில்தான் பயம் அவனை விட்டு இறங்கி, அவனைப் பயமுறுத்தியவன் பெயராக மாறுகிறது. பெயர் தெரிந்துவிட்டால் அதன்மேல் மனு எழுதலாம், வழக்குப் போடலாம், கூட்டம் கூடலாம்.

தொல்காப்பியர் சொன்ன நான்கோடு, இந்தக் கரிசல் காட்டில் அச்சம் பிறக்கிற இடம் ஐந்தாவதாக ஒன்றும் இருக்கிறது: ஒருத்தி சொன்னதைக் கேட்டும் கேட்காததுபோல் மற்றவர்கள் வேலையைத் தொடர்கிற அந்த அறை. முதல் நான்கையும் மாற்ற நாளாகும். ஐந்தாவது நம் கையில் இருக்கிறது.